பட்டணத்தில் வீடு, கம்பத்தில் மண்

“வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்” என்பது பழமொழி. இந்த நாட்டில் அதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம்: “வீட்டை வாடகைக்கு விட்டுப் பார்.”

ஓய்வு வயதை நெருங்கும் பலருக்கு இன்று ஒரே கனவு. கிள்ளானிலோ சுபாங்கிலோ இருக்கும் மாடிவீட்டை யாருக்காவது வாடகைக்கு விட்டுவிட்டு, காராக் பக்கமோ கோலசிலாங்கூர் பக்கமோ ஓர் ஏக்கர் நிலம் வாங்கிக் குடியேற வேண்டும். நாலு வாழை, பத்து டுரியான், ஒரு கோழிக் கூண்டு, ஒரு சின்ன வீடு. மாதம் பிறந்தால் பட்டணத்து வாடகை வந்துவிடும். அதை வைத்துக் கம்பத்தில் காலம் தள்ளலாம். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காத குடும்பம் குறைவு.

கணக்கு சரிதான். ஆனால், அதில் ஒருவர் விடுபட்டுப் போகிறார். அந்தப் பட்டணத்து வீட்டில் குடிவரப் போகிறவர். அவருக்கு அது மாத வருமானம் இல்லை. அவர் பிள்ளைகள் பள்ளிக்குப் புறப்படும் வாசல் அது. உரிமையாளர் என்றாவது ஒரு நாள் மனம் மாறித் திரும்பி வந்தால், அந்த வாசல் யாருடையது?

இந்தக் கேள்வி புதியது அல்ல. மலாயாவும் சிங்கப்பூரும் அரை நூற்றாண்டுக்கு மேல் இதோடு மல்லுக்கட்டின. அந்தக் கதையின் தொடக்கத்தில் ஒரு போர் இருக்கிறது.

பசி துரத்திய குடியேற்றம்

1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. ஊர்ப் பெயர் சியோனான் ஆனது. போருக்கு முன் மலாயாவும் சிங்கப்பூரும் தங்களுக்கு வேண்டிய அரிசியில் பெரும்பங்கைப் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் கப்பலில் தருவித்தன. கப்பல் நின்றது, அரிசியும் நின்றது. பங்கீட்டு அளவு படிப்படியாகக் குறைந்து, 1944 தொடக்கத்தில் ஆடவர் ஒருவருக்கு மாதத்துக்கு 8 காட்டி என்ற நிலைக்கு வந்தது. அதாவது, முப்பது நாளுக்கு ஐந்து கிலோ கூட இல்லை. மரவள்ளிக் கிழங்கின் காலம் அதுதான். பாட்டன் பாட்டிகள் சொல்லி இன்றும் பல வீடுகளில் நினைவில் நிற்கும் காலம்.

பட்டணத்தில் வாய்கள் அதிகம், சோறு குறைவு. எனவே பட்டணத்து மக்களைக் காட்டுக்கு அனுப்பி, அவர்களே பயிரிட்டு உண்ணட்டும் என்று ஜப்பானிய நிர்வாகம் முடிவு செய்தது. 1943 ஆகஸ்டில் இத்திட்டத்தை வெளியிட்டுப் பொறுப்பேற்று நடத்தியவர், நகராட்சி நலத்துறை அதிகாரியாக இருந்த மமோரு ஷினோசாகி. சீனர்களுக்கு ஜொகூரின் எண்டாவ். ‘நியூ சியோனான்’ என்று அதற்குப் பெயர். யுரேசியர்களுக்கும் சீனக் கத்தோலிக்கர்களுக்கும் நெகிரி செம்பிலானின் பகாவ்.

புறப்பட்டவர்கள் யார்? குமாஸ்தாக்கள், ஆசிரியர்கள், கடைக்காரர்கள். மண்வெட்டி பிடித்துப் பழகாத கைகள். அவர்களை இழுத்துச் சென்றவை இரண்டு: சோறு கிடைக்கும் என்ற வாக்குறுதி, ஜப்பானியக் காவல் கண்ணிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கலாம் என்ற நம்பிக்கை.

எண்டாவ் ஓரளவு தழைத்தது. பள்ளி, மருத்துவமனை, மரம் அறுக்கும் ஆலை என்று ஒரு சிற்றூர் எழுந்தது. 1944ஆம் ஆண்டில் அங்கே சுமார் 12,000 பேர் வாழ்ந்தார்கள். ஆனால், காட்டிலிருந்த ஜப்பானிய எதிர்ப்புக் கெரில்லாக்கள் குடியேற்றத்தைத் தாக்கினார்கள். அதன் நிர்வாகிகள் சிலர் உயிரிழந்தார்கள்.

பகாவின் கதை வேறு. 1943 டிசம்பர் முதல் அங்கே வந்து சேர்ந்தவர்கள் சுமார் 3,000 பேர். மண் சத்தற்றது, தண்ணீர் தட்டுப்பாடு. எல்லாவற்றுக்கும் மேலாக மலேரியாக் காய்ச்சல். நூற்றுக்கணக்கானோர் அந்த மண்ணிலேயே அடங்கினார்கள். குடியேற்றத்தை முன்னின்று நடத்திய பிரெஞ்சு ஆயர் அட்ரியன் டெவல்ஸ், மற்றவர்களோடு சேர்ந்து மண்ணைக் கொத்தினார். காலில் மண்வெட்டி பட்டது, புண் விஷமானது. 1945 ஜனவரியில் அவரும் இறந்தார்.

இப்படிப் போகிற குடும்பத்துக்கு முன்னால் அன்று நின்ற கேள்வி, இன்று காராக் போக நினைப்பவர் முன்னால் நிற்கும் அதே கேள்விதான். பட்டணத்து வீட்டை என்ன செய்வது? விற்கலாம், பூட்டிப் போடலாம், யாரையாவது குடிவைக்கலாம். விற்றால் திரும்ப இடமில்லை. பூட்டிப் போட்டால் போர்க்காலத்தில் கதவும் சன்னலும் மிஞ்சாது. ஆள் இருந்தால்தான் வீடு இருக்கும். எனவே, குடிவைப்பதே புத்தி. ஆனால், குடிவைத்தவர் திரும்பி வரும்போது?

திரும்பியவர்களும் தங்கியவர்களும்

1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பினார்கள். பகாவிலும் எண்டாவிலும் உயிரோடு இருந்தவர்கள் சிங்கப்பூருக்கு வந்தார்கள். சிறை முகாம்களிலிருந்தும் சயாம் ரயில் பாதையிலிருந்தும் மீண்டவர்கள் தங்கள் ஊர்களைத் தேடிச் சென்றார்கள். பட்டணங்களில் வீடு இல்லை. குண்டுவீச்சில் சில வீடுகள் போயிருந்தன. புதிதாகக் கட்டும் வேலை ஆண்டுக்கணக்கில் நின்று போயிருந்தது.

ஒரு பொருள் குறைவாகவும் தேவை அதிகமாகவும் இருந்தால் விலை ஏறும். வாடகைக்கும் அதே விதி. சந்தையின் போக்கில் விட்டிருந்தால், போரில் எல்லாவற்றையும் இழந்த ஏழைக் குடும்பங்கள் தெருவில்தான் நின்றிருக்கும். எனவே அரசாங்கம் குறுக்கிட்டது.

1947இல் சிங்கப்பூரில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. அதன் சாரம் இரண்டே வரி. ஒன்று, வாடகையை 1939 ஆகஸ்டில் இருந்த அளவை அடிப்படையாக வைத்துக் கட்டிப்போட வேண்டும். இரண்டு, நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல் யாரையும் வெளியேற்றக் கூடாது. அதற்கும் சட்டத்தில் சொன்ன காரணங்களில் ஒன்று இருக்க வேண்டும். வாடகை பாக்கி ஒரு காரணம். உரிமையாளரே குடியிருக்க வேண்டும் என்பதும் ஒரு காரணம்தான். ஆனால், அந்தத் தேவை நியாயமானது என்று நீதிமன்றம் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

மலாயாவிலும் இதே பாதையில் சட்டங்கள் வந்தன. பின்னர் 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமாக அவை ஒன்று சேர்ந்தன. 1948 ஜனவரி 31ஆம் தேதிக்கு முன் கட்டப்பட்ட கட்டடங்கள் அதன் கீழ் வந்தன.

சட்டத்தின் இரண்டு முகங்கள்

அந்தச் சட்டம் பல்லாயிரம் குடும்பங்களைக் காப்பாற்றியது. இதில் சந்தேகமே இல்லை. பினாங்கில் பலகாரம் விற்றவரும் ரிக்‌ஷா இழுத்தவரும் தச்சரும் பொற்கொல்லரும் நகரின் நடுவிலேயே குடியிருக்க முடிந்ததென்றால், அதற்கு இந்தச் சட்டம் முக்கியக் காரணம். தகப்பன் இருந்த வீட்டில் மகன் இருந்தான். மகன் இருந்த வீட்டில் பேரன் பிறந்தான்.

மறுபக்கம் என்ன? பத்து வெள்ளி வாடகை வரும் வீட்டுக்கு நூறு வெள்ளி செலவழித்துக் கூரை மாற்ற எந்த உரிமையாளர் முன்வருவார்? ஓடு உடைந்தால் உடைந்ததுதான். சுவரில் ஆலங்கன்று முளைத்தால் முளைத்ததுதான். உரிமையாளர் பெயருக்கு உரிமையாளராக இருந்தார். வரி கட்டினார், வீட்டுக்குள் நுழைய முடியவில்லை.

இன்னொரு விந்தையும் நடந்தது. சட்டம் வாடகையைக் கட்டிப்போட்டதே தவிர, மனிதரின் ஆசையைக் கட்டிப்போடவில்லை. கடைவீடு முழுவதையும் பழைய வாடகைக்குப் பிடித்துக்கொண்டவர், அதைப் பலகையால் தடுத்துச் சிறு சிறு அறைகளாக்கினார். ஒவ்வோர் அறையையும் ஒரு குடும்பத்துக்கு விட்டார். உரிமையாளருக்குக் கொடுத்தது பழைய வாடகை. உள்வாடகைக்காரர்களிடம் வாங்கியது புதிய வாடகை. ஆளே மாற வேண்டுமென்றால் ‘தேநீர்க் காசு’ என்ற பெயரில் ஒரு பெருந்தொகை கைமாறியது. ரசீது கிடையாது. ஏழையைக் காக்கப் பிறந்த சட்டத்தின் நிழலில் இடைத்தரகர் கொழுத்தார். சன்னல் இல்லாத அறையில் காற்றுக்குத் தவித்த ஏழை, அதே அறையில் தவித்துக்கொண்டிருந்தார்.

இதில் யாரைக் குற்றம் சொல்வது? வீட்டைக் கொடுத்தவருக்கும் அநீதி. வீட்டில் இருந்தவருக்கும் அநீதி. பற்றாக்குறை இருக்கும்வரை சட்டம் ஒரு பக்கத்துச் சுமையை மறுபக்கத்துக்கு மாற்றுமே தவிர, இறக்கி வைக்காது.

கட்டு அவிழ்ந்த கதை

சிங்கப்பூர் இந்தக் கட்டை மெல்ல மெல்ல அவிழ்த்தது. 1960இல் தொடங்கிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அடுக்குமாடிகளை எழுப்பியது. வெளியேறுகிறவர் போக ஓர் இடம் உருவானது. அதன் பிறகுதான், 1969இல் இயற்றிய தனிச் சட்டம் நகர மையத்தின் ஒரு பகுதியில் உரிமையாளர்கள் கட்டடங்களைத் திரும்பப் பெற வழி திறந்தது. குடியிருந்தவர்களுக்கு இழப்பீடு கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. முழுக் கட்டுப்பாடும் நீங்கியது 2001இல். ஐம்பது ஆண்டுக்கு மேல் பிடித்த வேலை.

பினாங்கில் நடந்தது வேறு. 1997ஆம் ஆண்டு நாடாளுமன்றம் வாடகைக் கட்டுப்பாட்டை நீக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. இடைக்காலம் 1999 டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்தது. 2000 புத்தாண்டு பிறந்தபோது, பினாங்கில் கட்டுப்பாட்டில் இருந்த ஏறத்தாழ 12,000 கட்டடங்களுக்கும் காப்பு இல்லாமல் போனது. வாடகை பல மடங்கு ஏறியது. மூன்று தலைமுறையாக ஒரே வாசலில் கோலம் போட்ட, ஊதுவத்தி கொளுத்திய, தொழுத குடும்பங்கள் மூட்டை கட்டின. புறநகர் அடுக்குமாடிகளுக்கும் பெருநிலத்துக்கும் அவர்கள் போனார்கள். தெருக்கள் வெறிச்சோடின.

காலியான பல கடைவீடுகளுக்குள் வேறு குடித்தனம் வந்தது. மனிதர்கள் அல்லர், உழவாரக் குருவிகள். அவற்றின் எச்சிற்கூட்டுக்குச் சந்தையில் நல்ல விலை. சன்னல்களை அடைத்து, குருவிச் சத்தத்தை ஒலிபெருக்கியில் போட்டு, கட்டடத்தையே கூண்டாக்கினார்கள். 2008 ஜூலையில் ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைத் தலமானது. அதன் பின்னர் மரபுடைமைப் பகுதியில் இருந்த குருவிக் கூடங்களை 2013 இறுதிக்குள் அகற்ற வேண்டும் என்று மாநில அரசு காலக்கெடு விதித்தது. உலகம் போற்றும் அந்த மரபு, பாதி அந்தத் தெருக்களில் வாழ்ந்த மனிதர்கள். கட்டடத்துக்குப் பட்டம் கிடைத்த நேரத்தில் அவர்களில் பலர் அங்கே இல்லை.

சிங்கப்பூர் முதலில் மாற்று வீட்டைக் கட்டிவிட்டுக் கட்டை அவிழ்த்தது. பினாங்கில் கட்டு அவிழ்ந்த பிறகே மாற்று வீட்டைத் தேட வேண்டியிருந்தது. வேறுபாடு அவ்வளவுதான். அதன் விலையைக் கொடுத்தவர்கள் குடியிருந்தவர்கள்.

லயத்து வாசல்

இந்தியச் சமூகத்துக்கு இந்த வரலாறு வேறொரு வாசல் வழியாகவும் வருகிறது. தோட்டத்து லயம் யாருடையது? தோட்டத்துடையது. வாடகை கிடையாது, அதனால் வாடகைக்காரருக்குரிய உரிமையும் கிடையாது. வேலை இருக்கும்வரை வீடு. வேலை போனால் வீடும் போகும். 1950களில் பெருந்தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, பிறந்து வளர்ந்த லயத்தை விட்டுக் குடும்பங்கள் வெளியேறின. அந்த வேதனையிலிருந்துதான் 1960இல் துன் வீ.தி.சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளரின் சேமிப்பைக் கொண்டு தோட்டங்களை வாங்கும் முயற்சி அது. பின்னாளில் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோதும் அதே காட்சி மீண்டும் மீண்டும் அரங்கேறியது.

லயத்தில் பிறந்தவர்களின் பிள்ளைகள் படித்தார்கள், பட்டணத்துக்கு வந்தார்கள், இருபது, முப்பது ஆண்டு வங்கிக் கடன் கட்டி ஒரு வீட்டைச் சொந்தமாக்கினார்கள். அவர்களில் சிலர்தான் இன்று அந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு மண்ணைத் தேடிப் போக நினைக்கிறார்கள். ஒரே தலைமுறையில் எவ்வளவு பெரிய மாற்றம்! வெளியேறச் சொன்ன கடிதத்தைக் கையில் வாங்கியவரின் மகன், இன்று அதே கடிதத்தை எழுதும் இடத்தில் இருக்கிறார். இது பெருமைக்குரிய வளர்ச்சி. கூடவே ஒரு பொறுப்பும் வருகிறது.

இன்றைய சட்டம் எங்கே நிற்கிறது?

வாடகைக் கட்டுப்பாடு போய்விட்டது. எனவே, உரிமையாளர் நினைத்தபோது பூட்டை மாற்றலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. 1950ஆம் ஆண்டுக் குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, வாடகைக்காரரை நீதிமன்றத்தின் வழியாக அல்லாமல் வெளியேற்றக் கூடாது என்கிறது. ஒப்பந்தம் முடிந்திருந்தாலும் சரி, வாடகை பாக்கி இருந்தாலும் சரி. கம்பத்திலிருந்து கோபத்தோடு காரில் வந்து சாமான்களை வாசலில் வீசினால், வழக்கு வீசியவர் மீதே திரும்பும்.

உரிமையாளருக்கும் கருவிகள் உண்டு. பாக்கி வைத்தவரின் பொருள்களை நீதிமன்ற ஆணையோடு கைப்பற்ற 1951ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. பன்னிரண்டு மாத பாக்கி வரை. தவணை முடிந்தும் நகராமல் இருப்பவரிடம் இரட்டை வாடகை கேட்க 1956ஆம் ஆண்டுச் சிவில் சட்டம் வழிசெய்கிறது. மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட வாடகை என்றால் அது குத்தகை. நில அலுவலகத்தில் பதிய வேண்டும். மூன்று ஆண்டு வரை ஒப்பந்தம் போதும். ஆனால், முத்திரைத் தீர்வை கட்டாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது. நம்பிக்கையின் பேரில் வாய்ச்சொல்லாக விடுகிறவர்கள், பிரச்சினை வந்த பிறகுதான் அந்தத் தாளின் அருமையை உணர்கிறார்கள்.

நெருக்கடி வந்தால் சட்டம் எந்தப் பக்கம் சாயும் என்பதற்குப் பழைய காலத்துக்குப் போக வேண்டியதில்லை. 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. பலருக்கு வேலை நின்றது, வாடகையும் நின்றது. அந்த ஆண்டு வந்த கோவிட்-19 தற்காலிக நடவடிக்கைச் சட்டம், மார்ச் 18 முதல் ஆகஸ்ட் 31 வரை சேர்ந்த வாடகை பாக்கிக்காகப் பொருள்களைக் கைப்பற்ற முடியாது என்றது. 1947இல் கேட்ட அதே குரல்: கூரை இல்லாமல் யாரும் நிற்கக் கூடாது. அந்த மாதங்களில் வாடகையையே நம்பிக் கம்பத்தில் இருந்தவர்களின் அடுப்பும் அணைந்தது என்பது மறுபக்கம்.

மண்ணுக்குப் போகிறவருக்கு

பகாவுக்குப் போனவர்களிடமிருந்து இன்று கற்க வேண்டியது எளிது. மண் முதல் ஆண்டிலேயே சோறு போடாது. டுரியான் கன்று காய்க்கப் பல ஆண்டாகும். அதுவரை பட்டணத்து வாடகைதான் சோறு என்றால், ஆறு மாதம் அது வராமல் போனாலும் தாங்கும் சேமிப்பு கையில் இருக்க வேண்டும். அந்தச் சேமிப்பு இல்லாதவர்தான் முதல் பாக்கியிலேயே பொறுமை இழந்து பூட்டை மாற்றுகிறார். உரிமையாளரின் அவசரம் வாடகைக்காரரின் தலையில் விடிகிறது.

திரும்பி வரும் எண்ணம் இருந்தால், அதை முதல் நாளே சொல்லிவிடுவது நேர்மை. எத்தனை மாத முன்னறிவிப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதினால், பிள்ளைகளின் பள்ளித் தவணையை மனத்தில் வைத்து எழுதலாம். கூரை ஒழுகினால் யார் செலவு என்பதையும் எழுதிவிடலாம். பினாங்கில் ஆலங்கன்று முளைத்த சுவர்கள் எல்லாம், அந்த ஒரு வரியில் இரு தரப்பும் ஒத்துப்போகாததால் பாழானவை. அரை நூற்றாண்டுச் சட்டப் போராட்டம் தேடியது பெரும்பாலும் இவ்வளவுதான்: கொடுத்தவருக்கு நியாயமான வாடகை, இருப்பவருக்குப் போதுமான அவகாசம்.

சொந்த நிலத்தில் வைத்த வாழை குலை தள்ளும்போது மனம் குளிரும். அந்த நேரத்தில் பட்டணத்து வீட்டின் பின்கட்டில், குடிவந்த குடும்பமும் ஒரு கறிவேப்பிலைக் கன்றை நட்டிருக்கும். அது யாருடைய மண் என்று பார்த்து வேர் பிடிப்பதில்லை. பிடுங்க வேண்டிய நாள் வந்தால், வேரோடு எடுத்துப் போக அவர்களுக்கு நேரம் கொடுத்தால் போதும்.